மூன்று உறவினர்கள் மட்டும் மிஞ்சிய பட்டியல்

நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. கடலூரில் நான் கடைசியாக வேலை பார்த்த ரத்த தானச் சங்கத்தில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் கௌசல்யா போன வாரம் போன் செய்தாள். பழைய கம்ப்யூட்டர் நிரல்களையெல்லாம் புதிதாக எழுதுகிறார்களாம். எழுதுகிறார்கள் என்பதுகூடத் தப்பு. என்ன வேண்டும் என்று சொன்னால் இயந்திரமே எழுதிக் கொடுத்துவிடுகிறதாம்.

"சார், டோனர் லிஸ்ட்ல ஒரு எடத்துல பத்து வரி எழுதி வச்சிருக்கீங்க. கம்ப்யூட்டரு அத ஒரே வரியில முடிச்சிக் குடுத்துடுச்சி. ஆனா மேல, 'இதைச் சுருக்க நினைப்பவர் முதலில் எனக்குப் போன் செய்யவும்'னு இருக்கு. அதான் பண்றேன்."

"சுருக்கிட்டியா?"

"இன்னும் இல்ல சார்."

"புண்ணியமாப் போவும். தொடாத. ஏன்னு எழுதி அனுப்பறேன்."

அதற்காக உட்கார்ந்ததுதான் இது. மற்றவர்கள் தங்கள் பணிக்கால அனுபவங்களை எழுதும்போது வாங்கிய பாராட்டுகளை எழுதுவார்கள். என்னிடம் பாராட்டுகள் குறைவு. ஒரே தப்பை மூன்று விதமாகச் செய்த அனுபவம் மட்டும் ஜாஸ்தி.

எங்கள் ஊர் காடாம்புலியூர். பலாவும் முந்திரியும் உள்ள குடும்பம். எனக்கு மரம் ஏற வராது என்பது பன்னிரண்டு வயதிலேயே என் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. "ஏற வராதவன் உக்காந்து செய்யற வேலைக்குப் போவட்டும்" என்று கடலூரில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்த்துவிட்டார். அங்கே செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போகவேண்டும். ஆறு மாதத்தில் நான் சந்தேகமறக் கற்றுக்கொண்டது அதுதான்.

முதல் வேலை சிதம்பரத்தில், ஒரு கல்லூரி நூலகத்தில். தொலைந்துபோன புத்தகங்களைப் பட்டியலிலிருந்து நீக்க ஒரு நிரல் எழுதச் சொன்னார்கள். பட்டியலை முதலிலிருந்து பார்த்துக்கொண்டே போ, தொலைந்தது வந்தால் எடுத்துவிடு. எளிமையான வேலை. எழுதிக் கொடுத்தேன். மறுநாள் நூலகர் கூப்பிட்டார்.

"ஏங்க, ஒரு தடவ அழுத்துனா பாதிதான் போவுது. இன்னொரு தடவ அழுத்துனா மிச்சத்துல பாதி போவுது. இன்னா கணக்கு இது?"

"பழைய கம்ப்யூட்டரு சார். அதுக்கு மூச்சு வாங்குது" என்றேன்.

உண்மை வேறு. பேருந்து நிலையத்தில் ஒரு வரிசை நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஆளை வெளியே இழுக்கிறேன். நான்காவது ஆள் ஒரு எட்டு வைத்து மூன்றாவது இடத்துக்கு வந்துவிடுகிறார். நானோ மூன்றாவது இடம் முடிந்தது என்று நான்காவது இடத்தைப் பார்க்கிறேன். முன்னால் நகர்ந்தவரும் இழுக்கவேண்டிய ஆள்தான் என்றாலும், என் கண்ணில் படாமலே தப்பித்துவிடுகிறார். ஒரு பட்டியலைப் பார்த்துக்கொண்டே அதைக் கலைத்தால் இப்படித்தான். இது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆயிற்று. அதுவரை அந்த நூலகத்தில், 'பொத்தானை ஐந்து முறை அழுத்தவும்' என்று என் கையெழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதைத்தான் நான் பயனர் கையேடு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பல இடங்கள், பல பட்டியல்கள். ஐம்பது வயதுக்கு மேல் ரத்த தானச் சங்கத்துக்கு வந்து சேர்ந்தேன். அங்கே நிர்வாகி அருள்மேரி மேடம். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அதற்குமுன் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால், "தண்ணி குடிங்க சார்" என்பார். அவரிடம் வேலை பார்த்த வருடங்களில் என் சிறுநீரகம் மிக ஆரோக்கியமாக இருந்தது.

எங்கள் வேலை இதுதான். மாவட்டத்தில் எந்த ஆஸ்பத்திரியிலிருந்தாவது ரத்தம் கேட்டுப் போன் வரும். வகையையும் ஊரையும் தட்டினால் திரையில் பேர்கள் வரும். மேடம் மேலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். எடுத்தவுடன் ரத்தம் என்ற சொல்லே வராது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். பிறகு காய்ச்சல், மாத்திரை உண்டா என்பார். கடைசியாக ரத்தம் கொடுத்தது எப்போது என்பார். அப்புறம்தான் விஷயம். சிவப்பு பென்சிலால் ஒரு தாளில் டிக் போட்டுக்கொண்டே பேசுவார். எவ்வளவு அவசரமானாலும் ஒரு கேள்வியைக்கூட விடமாட்டார்.

ஒருவர் ரத்தம் கொடுத்துவிட்டால் தொண்ணூறு நாள் அவரைக் கூப்பிடக் கூடாது. அவர் பேருக்கு எதிரே 'ஓய்வு' என்று குறித்துவிட்டால் அத்தனை நாள் அவர் திரையில் வரமாட்டார். குறிக்கும் நிரல் என்னுடையது.

தேவனாம்பட்டினத்தில் முத்துவேல் என்று ஒரு மீனவர். ஓ நெகட்டிவ். அது அபூர்வமான வகை. எங்கள் பட்டியலில் அந்த வகையில் ஏழெட்டுப் பேர்தான், அதிலும் முதல் பேர் அவருடையது. ஒருநாள் ரத்தம் கொடுத்தார். நிரல் அவரை 'ஓய்வு' என்று குறித்தது. அடுத்த வாரம் ஓ நெகட்டிவ் கேட்டுப் போன் வந்தது. திரையில் முதல் பேர் முத்துவேல்.

"சாப்பிட்டீங்களா?" என்றார் மேடம்.

"சாப்ட்டேன்மா. போன செவ்வாக்கெழம ரத்தமும் குடுத்தேன்."

மேடம் மன்னிப்புக் கேட்டார். நான் மறுபடி குறித்தேன். பத்து நாள் கழித்து மறுபடியும் அவர் பேர்தான் மேலே.

"அம்மா, நான் மனுசன். காலையில சாயங்காலம் கறக்கறதுக்கு மாடு இல்ல."

மூன்றாவது முறை அவர் மனைவி எடுத்தார். "அவுரு கடலுக்குப் போயிருக்காரு. ரத்தம் இன்னும் ஊறல. ஊறுனா நாங்களே சொல்றோம்."

இப்படியே ஏழு முறை. அவருடைய எண் மேடத்துக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஏழாவது போனை வைத்துவிட்டு மேடம் என் மேசைக்கு வந்தார். தண்ணீர் பாட்டிலையும் கொண்டுவந்தார்.

"சார், இந்தப் புரோகிராம் இன்னா பண்ணுதுன்னு சொல்லுங்க. வார்டுல ஒரு நர்ஸு அடுத்த நர்ஸுகிட்ட பேஷண்ட ஒப்படைக்கிற மாதிரி. ஒண்ணொண்ணா."

"முதல்ல, அன்னைக்கி ரத்தம் குடுத்தவங்கள மட்டும் லிஸ்ட்லேந்து பிரிச்சி எடுக்குது மேடம்."

"எடுத்து?"

"அவுங்க பேருக்கு எதிர்ல ஓய்வுன்னு எழுதுது."

"எங்க எழுதுது?"

நான் வாயைத் திறந்தேன். பிறகு தண்ணீர் குடிப்பதற்குத்தான் திறந்தேன் என்பதுபோலப் பாட்டிலை எடுத்துக்கொண்டேன்.

பிரித்தெடுக்கச் சொன்னபோது கம்ப்யூட்டர் என்ன செய்திருக்கிறது என்றால், அந்தப் பேர்களுக்கெல்லாம் ஒரு ஜெராக்ஸ் எடுத்திருக்கிறது. நான் அந்த ஜெராக்ஸில் 'ஓய்வு' என்று அழகாக எழுதியிருக்கிறேன். வேலை முடிந்ததும் ஜெராக்ஸ் குப்பைக்குப் போயிருக்கிறது. மூலம் எழுதியது எழுதியபடியே இருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் பட்டாவை நகல் எடுத்து, நகலில் பேரை மாற்றி எழுதிவிட்டு, நிலம் என் பேருக்கு வந்துவிட்டது என்று ஊருக்குப் போகிறவனும் நானும் ஒரு ஜாதி.

"சரி பண்ணிடறேன் மேடம். ஒரே வரிதான்" என்றேன்.

கௌசல்யா, உன் இயந்திரம் எழுதிய ஒரே வரியும் அநேகமாக இதுதான். பிரித்தெடு, அதில் எழுது, எழுதியதைக் கொண்டுபோய்ப் பட்டியல் இருந்த இடத்தில் வை. ஜெராக்ஸ் குப்பைக்குப் போவதால்தானே தொல்லை? அதையே மூலமாக ஆக்கிவிட்டால்? எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காடாம்புலியூரில் ரத்த தான முகாம். ஏற்பாடு என்னுடையது. பலா சீசனில் முகாம் வைத்தால் ஊரில் எல்லாரும் லாரியில் காய் ஏற்றிக்கொண்டிருப்பார்கள் என்பது, பலாக்காரன் மகனான எனக்குத் தோன்றவில்லை. வந்தவர்கள் மூன்று பேர். என் மனைவியின் அண்ணன், என் தாய்மாமன் மகன், என் தங்கை வீட்டுக்காரர். மூவரையும் நானே வீடுவீடாகப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தேன்.

திங்கட்கிழமை புதிய நிரலை ஓட்டினேன். மூவர் பேரையும் தேடிப் பார்த்தேன். மூவருக்கும் 'ஓய்வு'. அப்பாடா என்று சாயங்காலம் வழக்கம்போல் பட்டியலுக்குக் காப்புப் பிரதியும் எடுத்தேன். பழைய பிரதியின் மேலேயே எடுப்பது என் பழக்கம். இடம் மிச்சம் பாருங்கள்.

செவ்வாய் காலை பத்தரை மணிக்குச் சிதம்பரத்திலிருந்து, ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து போன். கிள்ளையைச் சேர்ந்த பெண், சுகந்தி என்று பேர். தலைப்பிரசவம். ரத்தப்போக்கு நிற்கவில்லை, அறுவை சிகிச்சை செய்யவேண்டும். ஓ நெகட்டிவ். அவர்களிடம் இருந்த ஒரே பையையும் ஏற்றியாகிவிட்டது. மதியம் ஒரு மணிக்குள் கொடுப்பதற்கு ஆள் வந்தாகவேண்டும்.

மேடம் தட்டினார். 'யாரும் இல்லை' என்றது திரை. ஊரை எடுத்துவிட்டு மாவட்டம் முழுக்கத் தேடினார். யாரும் இல்லை.

"சார், இங்க வாங்க."

நான் போய் வகையையும் எடுத்துவிட்டு, மொத்தப் பட்டியலையும் காட்டு என்று தட்டினேன். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் இருந்த பட்டியல் அது. திரையில் மூன்று வரிகள் வந்தன.

"தண்ணி குடிங்க சார். குடிச்சிட்டு சொல்லுங்க. எத்தன பேரு இருக்காங்க?"

"மூணு பேரு மேடம்."

"யாரு?"

"என் மச்சான், மாமா பையன், தங்கச்சி வூட்டுக்காரரு."

"அவுங்களயாவது கூப்புடலாமா?"

"மூணு பேருமே ஓய்வுல இருக்காங்க மேடம். வகையும் வேற."

பிரித்தெடுத்த மூவரைப் பட்டியலின் இடத்தில் வைத்தபோது, அங்கே இருந்த மற்ற எல்லாரும் போய்விட்டார்கள். கடலூர் மாவட்டத்தில் ரத்தம் கொடுக்கக்கூடிய மனிதர்கள் என் சொந்தக்காரர்கள் மூன்று பேர் மட்டுமே என்று கம்ப்யூட்டர் முடிவுக்கு வந்திருந்தது. காப்புப் பிரதியைத் திறந்தேன். அதே மூவர்.

மேடம் ஒரு நொடி கண்ணை மூடினார். முகாம்களில் எழுதி வாங்கிய விண்ணப்பத் தாள்கள் பின்னறையில் சாக்குகளில் கட்டிக் கிடந்தன. அதில் ஓ நெகட்டிவ் தேடிப் பிரிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். பிறகு கண்ணைத் திறந்து, எந்தத் தாளையும் பார்க்காமல், போனில் பத்து இலக்கங்களைத் தட்டினார். அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"நம்ம நம்பர பாத்துதான் எடுக்கல" என்றார். "நீங்க நேர்ல போங்க. நான் அதுக்குள்ள சாக்க அவுக்கறேன்."

தேவனாம்பட்டினம் பக்கம்தான். பத்து நிமிடத்தில் ஸ்கூட்டரை மணலில் செருகினேன். விசாரித்தபோது ஒரு படகைக் காட்டினார்கள். முத்துவேல் அதன் நிழலில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். குரலில் மட்டும் தெரிந்த மனிதரை அன்றுதான் நேரில் பார்த்தேன். ஆள் நல்ல உயரம்.

"ரத்த ஆபீஸ்லேந்து வரேன்" என்றேன்.

"போன எடுக்கலன்னு ஆளே அனுப்பிட்டாங்களா?" என்று பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சொன்னார். "மாமா, பாரு. அடுத்தது ரத்தம் எடுக்கற கட்டிலோடவே வருவாங்க."

"இல்லீங்க. இது நெசமாவே அவசரம். சிதம்பரத்துல ஒரு பொண்ணு, பிரசவத்துல."

"ஒவ்வொரு தடவையும் அவசரம்தான் சொல்றீங்க. என் முறையா, இல்லையா? உங்க கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. அத மொதல்ல சரி பண்ணிட்டு வா."

"சரி பண்ணப் போயிதான் எல்லாரையும் அழிச்சிட்டேன்."

வலை பிரித்த கை நின்றது. "அழிச்சிட்டியா?"

"மொத்த லிஸ்டும் போச்சி. ஒருத்தர் பேரும் இல்ல. உங்ககிட்ட திட்டு வாங்கி வாங்கி உங்க நம்பரு மட்டும்தான் மேடத்துக்கு ஞாபகம் இருக்கு. அதான் வந்தேன்."

முத்துவேல் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அந்த மாமாவும் சிரித்தார். எனக்கு அங்கே சிரிப்பு வரவில்லை. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

"இன்னையோட தொண்ணூத்தி ஒரு நாளு" என்றார் முத்துவேல், எழுந்து மணலைத் தட்டிக்கொண்டே. "நீங்க எண்ணல. நான் ஐஸ் கம்பெனி காலண்டருல கோடு போட்டு எண்ணிகினு வரேன். உங்கள நம்புனா என்னை உறிஞ்சி வத்தலாப் போட்டிருப்பீங்க. மாமா, வண்டிய எடு."

வண்டி என்றால் மீன் ஏற்றும் சின்ன வேன். முன்னால் மூன்று பேர். நடுவில் நான், கியர் மாற்றும்போதெல்லாம் முட்டியில் இடி வாங்கிக்கொண்டு. வழியிலேயே மேடம் போனில் முத்துவேலிடம் சாப்பிட்டீர்களா, காய்ச்சல் உண்டா என்று எல்லாக் கேள்வியும் கேட்டு முடித்தார். ஒன்றைக்கூட விடவில்லை. ஆலப்பாக்கம் தாண்டியதும் முத்துவேல் கேட்டார்.

"ஏன் சார், அப்படி இன்னாதான் பண்ண?"

சொன்னேன். பிரித்தது, எழுதியது, வைத்தது. அவர் கேட்டுக்கொண்டே வந்தார். புதுச்சத்திரம் வந்ததும் ஆரம்பித்தார்.

"அதாவது, ஒரு பெட்டி நெறைய மீனு. அதுல வஞ்சிரத்துக்கு மட்டும் ஐஸ் போடணும். நீ இன்னா பண்ண, வஞ்சிரத்த மட்டும் ஒரு கூடையில பொறுக்குன. ஐஸ் போட்ட. சரி. அப்புறம் பெட்டிய கடல்ல கவுத்துட்டு, கூடையத் தூக்கி, இதான் இனிமே பெட்டின்னு சொல்லிட்ட."

"ஆமாங்க."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி வஞ்சிரத்த போட்டோ புடிச்சி, போட்டோ மேல ஐஸ் வச்சேன்."

மாமா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். வேனும் கொஞ்சம் குலுங்கியது.

"எதுக்குயா வெளிய எடுக்கற?" என்றார் முத்துவேல். "பெட்டிய பெட்டியாவே வுடு. உள்ள கைய வுடு. வஞ்சிரமா, மேல ஐஸ் போடு. வஞ்சிரம் இல்லையா, கைய அடுத்ததுக்கு நவுத்து. ஒண்ணும் எடுக்கவும் வாணாம், வைக்கவும் வாணாம்."

கௌசல்யா, அந்தப் பத்து வரி இதுதான். முட்லூர் வருவதற்குள், மடியில் மீன் வாடையோடு, ஒரு துண்டுக் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். உன் இயந்திரத்துக்கு இதை ஒரு வரியில் செய்யவும் தெரிந்திருக்கலாம். செய்யட்டும். ஆனால் எங்கே எழுதுகிறது என்று கேள். ஓட்டுவதற்கு முன் எத்தனை பேர், ஓட்டிய பின் எத்தனை பேர் என்று எண்ணு.

பன்னிரண்டே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம். சுகந்தியின் கணவன் படியிலேயே நின்றிருந்தான். இரண்டு கையையும் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான், ஈரமே இல்லாத கைகளை. முத்துவேல் உள்ளே போகும்போது அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர எனக்கு வேலை இல்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டாயிரம் பேரில் யாரை அழித்தேன் என்று நினைத்தால், முகம் எதுவும் வரவில்லை. படியில் நின்ற அந்தக் கணவனின் கைதான் வந்தது.

நான்கரை மணிக்கு நர்ஸ் வந்து, ரத்தப்போக்கு நின்றுவிட்டது என்றாள். பெண் குழந்தை. சுகந்தியின் கணவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். முத்துவேல் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டே, "எழுந்து போய்ப் புள்ளையப் பாரு மச்சான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்ப என்னை எங்க எழுதப் போற?" என்றார்.

பட்டியலை மீட்க மூன்று வாரம் ஆயிற்று. சாக்குகளை அவிழ்த்து, மேடம் தாளைப் படிப்பார், நான் தட்டுவேன். அந்த மூன்று வாரத்தில் அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் நிறையக் குடித்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஒருநாள் காலை, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் ஆபீசுக்கு வந்தாள். மெலிந்த உருவம். மேடத்தைக் கேட்காமல் நேராக என் மேசைக்கு வந்தாள்.

"கிள்ளைலேந்து வரேன் சார். சுகந்தி. புள்ள பால மறந்துடுச்சி. டாக்டரு குடுக்கலாம்னு சொல்லிட்டாரு. எம் பேர சேத்துக்குங்க. ஓ நெகட்டிவ்."

சேர்த்தேன். பேர், ஊர், வகை, போன் எண். முடிந்தது என்றேன். அவள் நகரவில்லை.

"இன்னாம்மா?"

"தப்பா எடுத்துக்காதீங்க சார். எங்க வூட்டுக்காரரு சொல்லி அனுப்புனாரு. அந்த சாரு பேர எழுதுன ஒடனே வந்துடாத, அழியாம இருக்கான்னு பாத்துட்டு வான்னு."

அந்த அறையின் மறு ஓரத்தில் அருள்மேரி மேடம் ஏதோ தாளை மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தார். அவர் தோள் குலுங்குவதை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

முந்தின நாள் கொடுத்த நாலு பேர் குறிக்கப்படாமல் இருந்தார்கள். திரையை அவள் பக்கம் திருப்பி, அவள் கண் முன்னாலேயே நிரலை ஓட்டினேன். நாலு பேருக்கும் 'ஓய்வு' விழுந்தது. பிறகு ஓ நெகட்டிவ் என்று தட்டி, கிள்ளை என்று தட்டினேன். அவள் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். குழந்தை திரையைத் தொடக் கை நீட்டியது. அவள் அந்தக் கையை மெதுவாக விலக்கினாள்.

"இருக்கு" என்றாள். "வரேன் சார்."

கிள்ளை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாகப் படியிறங்கினாள். அவள் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நானும் ஒருமுறை தேடிப் பார்த்தேன். இருந்தது.